சேஃப்டி ரேஸருக்கு மாறியதும் தாடை சீக்கிரம் கறுக்கிறதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலை 7 மணிக்கு ஷேவ் செய்தால் மதியச் சாப்பாட்டு நேரத்துக்கே தாடை கறுத்துத் தெரிகிறது; பல பிளேடு பதித்த தலையை மாற்றி மாட்டும் கார்ட்ரிட்ஜ் ரேஸர் வைத்திருந்தபோது சாயங்காலம் வரை தாங்கியது. ஒற்றை பிளேடு போடும் சேஃப்டி ரேஸருக்கு மாறுகிறவர்கள் ஆரம்பத்தில் அடிக்கடி சொல்லும் குறை இது. குறை உண்மைதான். ஆனால் அதற்கு அவர்கள் நினைக்கும் காரணமும், செய்துகொள்ளும் வைத்தியமும் பெரும்பாலும் தவறாக இருக்கின்றன.

இந்த ரேஸரால் முடி வேகமாகவும் தடிப்பாகவும் வளர்கிறது என்று நம்புவது முதல் தவறு. முடியின் வேர் தோலுக்கு அடியில் இருக்கிறது. பிளேடு அதைத் தொடுவதே இல்லை. ஷேவ் செய்வதால் முடி வளரும் வேகமோ தடிமனோ மாறவில்லை என்பதை அமெரிக்க உடற்கூறியல் ஆய்வாளர் மில்ட்ரெட் ட்ராட்டர் 1928-இலேயே ஆராய்ந்து எழுதிவிட்டார். எந்த ரேஸரைப் பிடித்தாலும் தாடி முடி ஒரு நாளைக்குச் சுமார் 0.4 மில்லிமீட்டர்தான் வளரும்.

அப்படியானால் மாறியது எது? முடி வெட்டுப்படும் இடம். 1971-இல் ஜில்லெட் இரட்டை பிளேடு கார்ட்ரிட்ஜைக் கொண்டுவந்தது. முதல் பிளேடு முடியைப் பிடித்து லேசாக வெளியே இழுக்கும். அது உள்ளே திரும்புவதற்குள் அடுத்த பிளேடு வெட்டிவிடும். மிச்ச முடி தோல் மட்டத்துக்குக் கீழே போய் நின்றுகொள்ளும். பிறகு மூன்று, ஐந்து என்று பிளேடுகள் கூடியதும் இதே அடிப்படையில்தான். ஒற்றை பிளேடு பெரும்பாலும் தோல் மட்டத்திலேயே வெட்டி முடிக்கிறது. ஒரு கணக்குக்கு, முடி 0.1 மில்லிமீட்டர் உள்ளே நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது மேலே வந்து எட்டிப்பார்க்க 6 மணி நேரம் ஆகும். உங்களுக்குக் குறைந்துபோனது அந்த இடைவெளிதான்.

இதை ஈடுகட்ட எல்லோரும் செய்வது அழுத்துவது. இருக்கிற தவறுகளில் மோசமானது இதுதான். கார்ட்ரிட்ஜின் தலை அசைந்து கொடுக்கும், ரப்பர் பட்டை தோலைத் தாங்கும், அதனால் அழுத்தினாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. சேஃப்டி ரேஸரின் தலை அசையாது. அழுத்தினால் பிளேடுக்கும் கீழ்த் தட்டுக்கும் இடையில் தோல் பிதுங்கி வரும்; பிளேடு முடியோடு தோலின் மேல்படலத்தையும் சுரண்டும். முடி ஒரு இம்மிகூடக் கூடுதலாகக் குறையாது. பித்தளையிலோ எஃகிலோ செய்த ரேஸரின் கனமே வெட்டுவதற்குப் போதும். கைப்பிடியின் நுனியை இரண்டு மூன்று விரல்களால் பிடித்துப் பாருங்கள், அழுத்தம் தானாகக் குறைந்துவிடும்.

நம்மைப் போன்ற மாநிறத் தோலுக்கும் கறுத்த தோலுக்கும் இதில் இன்னொரு கேடு இருக்கிறது. எரிச்சல்பட்ட தோல் ஆறும்போது கறுத்துப்போகும். தினமும் சுரண்டினால் தாடையிலும் கழுத்திலும் அந்தக் கருமை படிந்துவிடும். பார்ப்பவருக்கு அது முடியின் நிழல் மாதிரியே தெரியும். முடிதான் மிச்சம் என்று நினைத்து ஷேவ் செய்பவர் மறுநாள் இன்னும் அழுத்துவார், இன்னும் கறுக்கும். ஆகவே முதலில் இரண்டையும் பிரித்து அறிய வேண்டும். ஷேவ் முடிந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று தோலை இழுத்துப் பாருங்கள். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது முடி. புள்ளி இல்லாமல் பழுப்பாகப் பரவியிருந்தால் அது தோலின் நிறம். அதற்கு மருந்து ஷேவைக் குறைப்பது. எரிச்சல் நின்ற பிறகு மங்குவதற்கு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். பொறுக்க வேண்டும். மங்கவே இல்லை என்றால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

புள்ளிதான் என்றால், ஒரே சுற்றில் முடிக்கிறீர்களா என்று யோசியுங்கள். சலூனில் நல்ல கைக்காரர் ஒரு சுற்று முடிந்ததும் மறுபடி நுரை போட்டு இரண்டாவது சுற்று வருவார். சேஃப்டி ரேஸருக்கும் அதே முறைதான். முதல் சுற்று முடி வளர்ந்த போக்கிலேயே, இரண்டாவது குறுக்கே. தோல் தாங்கினால் மட்டும் மூன்றாவது சுற்று எதிர்ப்போக்கில். ஒவ்வொரு சுற்றுக்கும் புது நுரை போட வேண்டும். முதல் சுற்றிலேயே எதிர்ப்போக்கில் போனால் நீள முடியை பிளேடு இழுக்கும், எரியும்.

அந்தப் போக்கு எல்லா இடத்திலும் மேலிருந்து கீழ் என்று நினைத்துவிட வேண்டாம். கழுத்தில் பலருக்குக் கீழிருந்து மேலே வளரும். தாடைக்கு அடியில் பக்கவாட்டில் படுத்திருக்கும். சிலருக்குச் சுழிகூட உண்டு. இரண்டு நாள் ஷேவ் செய்யாமல் விட்டு விரலால் தடவிப் பாருங்கள். வழவழவென்று போகும் திசை அதன் போக்கு, சொரசொரக்கும் திசை எதிர். நிழல் முதலில் தெரியும் இடங்கள் பெரும்பாலும் நீங்கள் திசையைத் தவறாகக் கணித்த இடங்களாகவே இருக்கும்.

அடுத்தது தண்ணீர். உலர்ந்த தாடி முடி விறைப்பாக இருக்கும். இரண்டு மூன்று நிமிடம் வெதுவெதுப்பான நீரில் ஊறினால் இளகும். முகத்தில் நாலு கை தண்ணீரை அடித்துவிட்டு உடனே பிளேடை வைப்பது போதாது. குளித்து முடித்ததும் ஷேவ் செய்வது நல்லது. போர் தண்ணீர் வரும் வீடுகளில் இன்னொரு சங்கடம்: கால்சியமும் மக்னீசியமும் கூடுதலாக உள்ள கடின நீரில் சோப்பு நுரைக்காமல் திரிந்துபோகும். க்ரீமைக் கூட்டிப் போட்டுப் பாருங்கள். அப்போதும் சரிவரவில்லை என்றால் வடிகட்டிய குடிநீர் ஒரு டம்ளர் எடுத்துவைத்து அதில் பிரஷை நனைத்து நுரை எழுப்புங்கள். வித்தியாசம் அன்றைக்கே தெரியும்.

கோணம் கைக்கு வரச் சில வாரம் பிடிக்கும். ரேஸரின் மேல்மூடியைக் கன்னத்தில் வைத்து, பிளேடு தோலைத் தொடும்வரை கைப்பிடியை மெல்லத் தாழ்த்துங்கள். பிளேடுக்கும் தோலுக்கும் இடையில் ஏறக்குறைய 30 டிகிரி. அதற்கு மேல் தாழ்த்தினால் சுரண்டும், குறைத்தால் வெட்டாமல் வழுக்கிப் போகும்.

பிளேடை மிச்சம் பிடிப்பதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. முடி எஃகைவிடச் சுமார் 50 மடங்கு மென்மையானது. அப்படியிருந்தும் வளையும் முடி பிளேடின் விளிம்பைச் சிதைத்துப் பெயர்க்க முடியும் என்று 2020-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். நாலைந்து ஷேவுக்குப் பிறகு இழுக்கத் தொடங்கினால் மாற்றிவிடுங்கள். கார்ட்ரிட்ஜ் விலையோடு பார்த்தால் அது ஒரு செலவே இல்லை. ரேஸரையே குறை சொல்வதற்கு முன் வேறு கம்பெனி பிளேடு ஒன்றிரண்டைப் போட்டுப் பார்ப்பதும் நல்லது.

இத்தனையும் சரியாகச் செய்தும் சிலருக்கு நிழல் போகாது. அடர்ந்த கருமுடியும் வெளிர்ந்த தோலும் உள்ளவர்களுக்கு, தோலுக்கு அடியில் இருக்கும் முடியே வெளியே தெரியும். எந்த ரேஸரும் அதை எட்டாது. சுருட்டை முடிக்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். முடியைத் தோலுக்குக் கீழே போகும்படி வெட்டினால் அது உள்ளுக்குள்ளேயே வளைந்து வளர்ந்து கழுத்தில் பருப்பருவாகக் கட்டிவிடும். அவர்களுக்கு ஒற்றை பிளேடு தோல் மட்டத்தில் நிறுத்துவது நல்லதே. கழுத்தில் எதிர்ப்போக்கை அடியோடு விட்டுவிடலாம். மாலை 6 மணிக்குக் கல்யாண வரவேற்பு என்றால், காலையில் இரண்டு மடங்கு மெனக்கெடுவதைவிட ஷேவையே மதியம் 3 மணிக்குத் தள்ளிவைத்துக்கொள்ளலாம்.