ஊரிலிருந்து அம்மா அப்பாவை சிங்கப்பூருக்கு அழைக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

ஜூன் பள்ளி விடுமுறை நெருங்கினால் போதும், அலுவலகத்தில் யாராவது ஒருவர் கைப்பேசியை நீட்டிக்கொண்டு வந்து நிற்பார். "அண்ணே, அம்மாவுக்கு விசா போட்டிருக்கேன், சரியா இருக்கான்னு பாருங்க." படிவம் நிரப்பிக் கொடுத்துக் கொடுத்து இது எனக்கு இன்னொரு வேலை மாதிரி ஆகிவிட்டது. ஆட்கள் மாறுகிறார்கள், தவறுகள் மாறுவதில்லை.

பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதத்துக்குச் செல்ல வேண்டும், படத்துக்கு வெள்ளைப் பின்னணி வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

விசாவின் தேதியை நம்பி ஊருக்குத் திரும்ப டிக்கெட் போடுவது

இதை நினைத்தாலே எனக்கு எரிச்சல் வரும். கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தியப் பாஸ்போர்ட்டில் வருபவருக்கு சிங்கப்பூர் விசா வேண்டும். அந்த விசாவில் ஒரு கடைசித் தேதி இருக்கும். பலமுறை வந்துபோகும் விசா என்றால், சில சமயம் அது இரண்டு வருடம் தள்ளிக்கூட இருக்கும். அந்தத் தேதிக்குள் வந்து இறங்கலாம், அவ்வளவுதான். வந்தவர் எத்தனை நாள் இருக்கலாம் என்பது குடிநுழைவில் உள்ளே விடும்போது முடிவாகிறது. முப்பது நாள் கிடைக்கலாம், அதைவிடக் குறைவாகவும் கிடைக்கலாம்.

முன்பெல்லாம் பாஸ்போர்ட்டில் முத்திரை விழும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அப்பாவே படித்துவிடுவார். இப்போது முத்திரை இல்லை. இ-பாஸ் என்று ஒன்று மின்னஞ்சலில் வருகிறது. எந்தத் தேதி வரை தங்கலாம் என்பது அதில்தான் இருக்கிறது. எந்த மின்னஞ்சலுக்கு வருகிறது தெரியுமா? சிங்கப்பூர் வருவதற்கு முன் இணையத்தில் நிரப்பும் வருகைப் படிவமான எஸ்ஜி அரைவல் கார்டில் கொடுத்த முகவரிக்கு. வினை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அந்தக் கார்டைப் பல வீடுகளில் நிரப்புவது ஊரில் டிக்கெட் போட்டுக்கொடுத்த ஏஜெண்ட். அம்மாவுக்கு மின்னஞ்சல் கிடையாது. ஏஜெண்ட் தன் கடை முகவரியைப் போட்டுவிடுவார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, வேலை சீக்கிரம் முடியும் என்பதுதான். இ-பாஸ் அவர் பெட்டியில் நூறோடு நூற்றொன்றாகப் போய் விழுகிறது. அதை அவரும் திறப்பதில்லை, நீங்களும் கேட்பதில்லை.

உடன் வேலை செய்யும் தம்பி ஒருவரின் மாமியார் அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து மகளின் பிரசவத்துக்கு வந்தார். விசா இரண்டு வருடத்துக்கு. குழந்தைக்குத் தலை நிற்கும் வரை இருக்கட்டும் என்று மூன்று மாதம் கழித்து டிக்கெட் போட்டிருந்தார்கள். ஒரு நாள் மதியம் சாப்பாட்டு வேளையில், "அத்தைக்கு டிக்கெட்டை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போடலாமாண்ணே?" என்று கேட்டார். இ-பாஸைக் காட்டச் சொன்னேன். விசாவைக் காட்டினார். "தம்பி, இது விசா. இ-பாஸ் எங்கே?" "அப்படின்னா?" கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

ஊருக்குப் போன் போட்டு, ஏஜெண்டை விட்டுத் தேடச் சொல்லி எடுத்துப் பார்த்தால், கொடுத்த முப்பது நாளும் முடிந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. பச்சைக் குழந்தையைப் பெற்றவளிடம் விட்டுவிட்டு, மாமியாரைக் கூட்டிக்கொண்டு அதிகாரிகள் முன்னால் போய் உட்கார்ந்தார் தம்பி. அந்த அம்மா அதற்குமுன் ஒரு காவல் நிலைய வாசலைக்கூட மிதித்ததில்லை. புடவை முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தாராம். டிக்கெட் காசும் போனது. அப்புறம் பேரனின் முதல் பிறந்தநாளுக்குப் போட்ட விசா நிராகரிக்கப்பட்டது. காரணம் எழுதி வரவில்லை.

சட்டம் இதில் விளையாடுவதில்லை. அனுமதித்த நாளைத் தாண்டி 90 நாள் வரை இருந்துவிட்டால் 4,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதற்கும் மேல் போனால் சிறையோடு குறைந்தது மூன்று பிரம்படி. பெண்களுக்கும் ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்களுக்கும் பிரம்படி கிடையாது என்பதால் குற்றம் சிறியதாகிவிடாது.

அரைவல் கார்டை நீங்களே நிரப்புங்கள், உங்கள் மின்னஞ்சலைக் கொடுங்கள். வந்து இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள்தான் அதை நிரப்ப முடியும், பத்து நிமிட வேலை. அம்மா வீட்டுக்கு வந்து பெட்டியிலிருந்து முறுக்கு டப்பாவை எடுக்கும் முன்பே இ-பாஸைத் திறந்து கடைசி நாளை நாட்காட்டியில் குறியுங்கள். விரல் விட்டு எண்ண வேண்டாம், அதில் இருக்கும் தேதிதான் தேதி. மின்னஞ்சல் வரவில்லை என்றால் குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்தின் இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். கூடுதல் நாள் வேண்டும் என்றால் அங்கேயே, கெடு முடிவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். கிடைக்கும் என்று உறுதி இல்லை. அதனால் தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக வாங்குங்கள்.

"ஜோகூர் போய்ட்டு வந்தா புதுசா முப்பது நாள் கிடைக்கும்"

காப்பிக் கடை அறிவுரை. மலேசியா 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு விசா கேட்காததால் இந்தப் பேச்சு இப்போது கூடிப்போயிருக்கிறது. உங்கள் அப்பாவின் விசா ஒரே முறை வருவதற்கானது என்றால், பாலத்தைத் தாண்டியதுமே அது முடிந்தது. அவர் ஜோகூரில், உடுப்பு மாத்திரையெல்லாம் சிங்கப்பூரில் செங்காங் வீட்டில். பலமுறை விசாவாகவே இருந்தாலும் திரும்ப உள்ளே விடுவதும், எத்தனை நாள் தருவதும் அதிகாரியின் விருப்பம்.

இல்லாத குடும்பப் பெயரை உண்டாக்குவது

நம் ஊர்ப் பாஸ்போர்ட்டுகளில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருப்பது சாதாரணம். படிவத்தில் அந்த இடம் காலியாகத் தெரிந்ததும் சிலருக்குக் கை நிற்காது. ஒருவர் கணவர் பெயரைப் போடுவார், இன்னொருவர் இனிஷியலை விரித்து எழுதுவார். டிக்கெட்டில் ஒன்று, விசாவில் ஒன்று, அரைவல் கார்டில் ஒன்று என்று ஒரே அம்மா மூன்று பேர் ஆகிவிடுவார். பாஸ்போர்ட்டில் இருப்பதை எழுத்துப் பிசகாமல் எல்லா இடத்திலும் எழுதுங்கள்.

அரைவல் கார்டுக்குப் பணம் கட்டுவது

அது இலவசம். காசு கேட்கும் தளம் ஆணையத்தின் தளம் இல்லை.

கடையில் கொஞ்சம் கைகொடுப்பது

வந்த இடத்தில் சும்மா இருப்பானேன் என்று மச்சானை உணவுக்கடையில் நிற்கவைப்பவர்கள் உண்டு. வருகை அனுமதியில் வந்தவர் வேலை செய்யக் கூடாது. வேலை அனுமதி இல்லாமல் பிடிபட்டால் 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறை. வேலை கொடுத்தவருக்கும் தனியாகத் தண்டனை உண்டு.

ஒரே ஆளுக்கு இரண்டு பக்கமும் விண்ணப்பிப்பது

சிங்கப்பூரரோ நிரந்தரவாசியோ 21 வயதானவராக இருந்தால், சிங்பாஸ் என்ற அரசாங்க இணையக் கணக்கு மூலம் உறவினருக்குத் தாமே விசா கேட்கலாம். இங்கே அவர் போட்டுவிட்டார் என்பது தெரியாமல் ஊரில் தம்பி ஏஜெண்டிடம் கொடுத்திருப்பான். கட்டணம் 30 வெள்ளி, நிராகரித்தாலும் திரும்பாது. யார் போடுவது என்று முதலில் வீட்டுக்குள் பேசி முடியுங்கள்.

96 மணி நேரச் சலுகையைப் பிடித்துக்கொள்வது

"அப்பாகிட்ட அமெரிக்க விசா இருக்கு, சிங்கப்பூருக்குத் தனியா வேண்டாமாமே?" வேறொரு நாட்டுக்குப் போகும்போதோ அங்கிருந்து திரும்பும்போதோ வழியில் இறங்குபவருக்குத்தான், விசா இல்லாமல் 96 மணி நேரம் வரை இருக்கவிடும் இந்தச் சலுகை. அந்த நேரத்துக்குள் புறப்படும் டிக்கெட்டும் கையில் வேண்டும். திருச்சியில் ஏறி சாங்கியில் இறங்கி மறுபடி திருச்சிக்கே போகிறவர் விசா எடுத்துக்கொண்டுதான் வர வேண்டும்.