பக்கத்து மனைக்கு எவ்வளவு இடம் விட்டு வீடு கட்டணும்? ராம்நாடு கடற்கரைல முதல்தடவை கட்டுறவங்களுக்கு

மண்டபம், பாம்பன், தேவிபட்டினம் பக்கம் மனை வாங்கி முதல்முதலா வீடு கட்டப்போற எல்லாரும் "சைடுல எத்தனை அடி விடணும்"னுதான் முதல்ல கேக்குறாங்க, ஆனா அதுக்கு முன்னாடி எங்க இருந்து அளக்குறதுன்னு தெரியணும்ங்க.

முதல் வேலை: எல்லைக்கல்

வேலியை நம்பி அளக்காதீங்க. நம்ம ஊர்ல பனைமட்டை வேலியும் முள்வேலியும் சில வருசத்துக்கு ஒருதரம் புதுசா கட்டுறதுதான், ஒவ்வொரு தடவையும் அரை அடி அங்கிட்டு இங்கிட்டு போயிரும், மணல் காத்துல கல்லே புதைஞ்சு போயிருக்கும். அரசு இ-சர்வீஸ் தளத்துல பட்டாவும் புல வரைபடமும் (மனையோட எல்லை அளவு காட்டுற வரைபடம்) எடுத்துக்கங்க. அளவு மீட்டர்ல இருந்தா ஒரு மீட்டர் 3.28 அடின்னு கணக்கு போடுங்க. பல பேரு பேர்ல சேர்ந்த கூட்டுப்பட்டாவா இருந்தா உங்க பங்கைத் தனியா பிரிச்சு உட்பிரிவு பண்ணிட்டு மேல போங்க. அளக்கச் சொல்லி மனு குடுத்து சர்வேயர் வர்ற அன்னைக்கு பக்கத்து வீட்டுக்காரரையும் "அண்ணே, நீங்களும் வந்து நில்லுங்க"ன்னு கூப்பிடுங்க, இது ரொம்ப முக்கியம்.

ரெண்டாவது: உங்க மனைக்கு எது அளவு

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019தான் இப்ப நடைமுறைல இருக்கு, பஞ்சாயத்துக்கும் சேர்த்துதான். எல்லாருக்கும் ஒரே அளவுன்னு கிடையாது. ரோட்டு அகலம், மனை அகலம், வீட்டு உயரம், இதையெல்லாம் வச்சுத்தான் செட்பேக் (எல்லைக்கும் வீட்டுக்கும் நடுவுல விட வேண்டிய இடம்) மாறும், அதனால எதிர்வீட்டுக்காரர் விட்ட அளவை அப்படியே காப்பி அடிக்காதீங்க. 2500 சதுர அடிக்குள்ள மனை, 3500 சதுர அடிக்குள்ள கட்டடம், தரைத்தளம் மட்டும் இல்லைன்னா தரைத்தளத்தோட ஒரு மாடின்னா 2024 ஜூலைல வந்த சுயசான்று திட்டத்துல ஆன்லைன்லயே உடனே அனுமதி வாங்கலாம். உடனே கெடச்சிருச்சேன்னு இடம் விடாம கட்டக்கூடாது, விதிப்படி கட்டுறேன்னு கையெழுத்து போடுறது நீங்கதான்.

கடலை ஒட்டி மனைன்னா இன்னொரு கோடும் இருக்கு. 2019 கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கைப்படி, கிராமப்புறக் கடற்கரைல மக்கள் அடர்த்தி (2011 கணக்கெடுப்பு) சதுர கிலோமீட்டருக்கு 2161க்கு மேலன்னா உயர் அலைக்கோட்டுல (கடல் ஏத்தத்துல தண்ணி வந்து தொடுற கோடு) இருந்து 50 மீட்டர், அதுக்குக் கீழன்னா 200 மீட்டர் வரைக்கும் புதுசா கட்டக்கூடாத பகுதி. உங்க ஊரு எதுல வருதுன்னு கடலோர மண்டல வரைபடத்தைப் பாத்துட்டு அட்வான்ஸ் குடுங்க.

மூணாவது: நூல் கட்டுறப்ப

செவுரு எல்லைக்குள்ள இருந்தா போதும்னு நெனைக்காதீங்க, அடியில பூட்டிங் (செவுரத் தாங்குற அஸ்திவாரப் பகுதி) செவுர விட ரொம்ப அகலம், எல்லைய ஒட்டி செவுரு வச்சா பூட்டிங் அடுத்தவங்க மண்ணுக்குள்ள போயிரும். அதுவும் இங்க கடல்மணல், குழி தோண்டத் தோண்ட கரை சரிஞ்சுக்கிட்டே வரும், பக்கத்து காம்பவுண்டு செவுரு பக்கம் தோண்டுனா அது சாஞ்சு விழுந்துரும். கொத்தனார்கிட்ட பூட்டிங் ஓரத்துக்கும் சேர்த்து நூல் பிடிக்கச் சொல்லுங்க.

எங்க சித்தப்பா வீட்டுல ஒரு பக்கம் முக்கால் அடிதான் விட்டாங்க. ஆள் நுழைய முடியாது, அதனால அந்தப் பக்கம் பூச்சே பூசல. உப்புக்காத்துல செங்கல் மாவா உதிருது, விரல வச்சு தேச்சா செகப்புத்தூள் கையோட வருது, சன்ஷேடு கம்பி துருப்பிடிச்சு வெடிச்சு நிக்குது, சரிபண்ண சாரம் கட்ட வழியில்ல. அதைப் பாத்த நாள்ல இருந்து யாரு கேட்டாலும் நான் சொல்றது இதுதான், விதி எவ்வளவு சொல்லுதோ அது குறைஞ்சபட்சம், நம்ம கடற்கரைல ஒரு ஆளு சட்டியும் கரண்டியுமா நின்னு வேலை பாக்குற அளவுக்கு இடம் விட்டுருங்க.

கடைசியா சில சின்ன விஷயம்

மொட்டைமாடித் தண்ணி உங்க மனைக்குள்ளயே விழணும், பைப்ப அங்கிட்டு திருப்பாதீங்க. செப்டிக் டேங்க் வைக்கிறதுக்கு முன்னாடி பக்கத்து வீட்டுக் கெணறு எங்க இருக்குன்னு பாருங்க, மணல்ல அழுக்கு சீக்கிரம் எறங்கிரும். பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு 20 வருசமா தடையில்லாம வெளிச்சமும் காத்தும் வந்துக்கிட்டு இருந்தா 1882 வசதியுரிமைச் சட்டத்துல அவங்களுக்கு உரிமை உண்டு, அதை மறைக்கிற மாதிரி மாடி எழுப்புறதுக்கு முன்னாடி ஒரு வக்கீல்கிட்ட கேட்டுக்கங்க.

குழி தோண்டுற அன்னைக்குக் காலைல கல்லுல இருந்து நூலு வரைக்கும் டேப்பு பிடிச்சு போட்டோ எடுத்து பக்கத்து வீட்டுக்காரருக்கும் வாட்ஸ்அப்ல அனுப்பிவிட்டுட்டு மம்பட்டிய எடுங்க.