தோட்டத்து டவுன்ல கடை போடுறவங்க காசு விஷயத்துல பண்ணக்கூடாத தப்புங்க

மலேசியாவுல, பேராக்ல இருக்குற சுங்கை சிப்புட், பீடோர் மாதிரி தோட்டத்த சுத்தி இருக்குற டவுன்ல கடை போடணும்னா முதல்ல பாக்க வேண்டியது சம்பள நாள். 1955 வேலை சட்டப்படி மாச சம்பளத்த அடுத்த மாசம் 7ஆம் தேதிக்குள்ள குடுத்துடணும், அதனால 7ல இருந்து ஒரு 15 வரைக்கும் டவுன்ல நல்ல கூட்டம், 20க்கு மேல ரோடே காலி. ஆனா வாடகையும் கரண்ட் பில்லும் சரக்கு போடுற ஆளும் அந்த காலி நாள்லயும் வந்து நிப்பாங்க. கூட்டமான நாள்ல கல்லா ரொம்புறத பாத்து இதெல்லாம் லாபம்னு செலவு பண்றதுதான் பெரிய தப்பு, அந்த காசு மாச கடைசிக்கு உள்ளது. ஆளே வராம மூடுற கடை ஒரு பக்கம்னா, ஆளும் வந்து சாமானும் போயி கையில காசு மட்டும் இல்லாம மூடுற கடையும் நம்ம பக்கத்துல இருக்கு, அத பாத்தா மனசு கஷ்டமா இருக்கும்.

கைமுதல் எல்லாத்தையும் கடைய அழகு பண்ணவே போடாதீங்க. 800 வெள்ளி (ரிங்கிட்) வாடகைக்கு ஒரு கடை பாக்குறீங்கன்னு வைங்க, வழக்கமா ரெண்டு மாச டெப்பாசிட், ஒரு மாச முன்பணம், தண்ணி கரண்டுக்கு அரை மாசம்னு கேப்பாங்க, கதவு தொறக்கவே 2,800 வெள்ளி போச்சு. அதுக்கு மேல சைன்போர்டு, ஏர்கோன், டைல்ஸ்னு போட்டுட்டு சரக்கு வாங்க காசில்லாம நிக்கிறவங்க இருக்காங்க. மூணு மாச வாடகையும் வீட்டு செலவும் தனியா எடுத்து வச்சிட்டு மிச்சத்துல கடைய போடுங்க, முடியலன்னா பாசார் மாலாம்ல, அதான் ராத்திரி சந்தையில, ஒரு மேசை போட்டு ஆரம்பிங்க, அதுல கேவலம் ஒன்னும் இல்ல.

அடுத்தது 555 புக், அதான் கடையில கடன் கணக்கு எழுதுற சின்ன நோட்டு. நம்ம ஊர்ல கடன் குடுக்காம கடை நடத்த முடியாது, அது எனக்கும் தெரியும், கேக்குறது மாமா, அத்தை, கோயில் கமிட்டில கூட இருக்குற அண்ணன், எப்படி இல்லன்னு சொல்றது. குடுங்க, ஆனா ஒரு ஆளுக்கு இவ்ளோதான்னு ஒரு அளவு வைங்க, பழைய கணக்கு 10ஆம் தேதிக்குள்ள தீந்தாதான் புது பக்கம்னு ஆரம்பத்துலயே சிரிச்சிக்கிட்டே சொல்லிடுங்க. மொத்தம் எவ்ளோ வெளிய நிக்குதுன்னு வாரம் ஒருதடவ கூட்டி பாக்கணும், ஏன்னா 50 வெள்ளி 80 வெள்ளின்னு பாக்கும்போது சின்னதா தெரியும், முப்பது வீட்டு கணக்க கூட்டினா அது உங்க ஒரு மாச சரக்கு. தீபாவளிக்கு முந்தி இன்னும் ஜாக்கிரதை, கடனுக்கு சரக்கு எடுத்து கடனுக்கே வித்தா பண்டிகை முடிஞ்சி வசூலுக்கு அலையிறதுதான் மிச்சம்.

வீட்டு காசையும் கடை காசையும் ஒரே பையில வைக்காதீங்க. பிள்ளைக்கு ஸ்கூல் பஸ், அம்மாவுக்கு மருந்து, எல்லாத்துக்கும் கல்லாவுல கை விட்டா கடை ஓடுதா இல்லையான்னே தெரியாது. தனி பேங்க் கணக்கு தொறந்து உங்களுக்குன்னு ஒரு மாச சம்பளம் போட்டுக்குங்க, கொஞ்சமா இருந்தாலும் பரவால்ல. முறுக்கு சுட்டு விக்கிற அக்காங்க மாவு, எண்ணெய், கேஸ் வரைக்கும் கணக்கு போடுவாங்க, விடியக்காலைல எழுந்து அடுப்புல நிக்கிற அவங்க உழைப்புக்கு மட்டும் விலையே போடமாட்டாங்க, தயவுசெஞ்சு போடுங்க. அப்புறம் சொந்த தொழில்காரங்களுக்கு கே.டபிள்யூ.எஸ்.பி.ல (சேமநிதி வாரியம், இ.பி.எஃப்.) ஐ-சாராஆன்னு ஒரு சேமிப்பு திட்டம் இருக்கு, நீங்க போடுற காசுக்கு அரசாங்கம் வருஷத்துக்கு 500 வெள்ளி வரைக்கும் சேத்து போடுது, விட்டுடாதீங்க.

கடன் வாங்குறதுல பண்ற தப்புதான் குடும்பத்தையே சாய்ச்சிடுது. லைசென்ஸ் உள்ள வட்டிக்கடைக்காரங்க அடமானம் இல்லாத கடனுக்கு வருஷத்துக்கு 18 விழுக்காட்டுக்கு மேல வட்டி வாங்கக்கூடாது, அடமானம் இருந்தா 12, இது சட்டம். அதாவது 5,000 வெள்ளிக்கு ஒரு வருஷ வட்டி மிஞ்சி மிஞ்சி போனா 900. ஆலோங், அதான் லைசென்ஸ் இல்லாம வட்டிக்கு விடுறவன், வாரத்துக்கு வட்டி பேசுவான், குடுக்கும்போதே முதல் தவணைய புடிச்சிக்குவான், ஐ.சி.யும் (அடையாள அட்டை) ஏ.டி.எம். கார்டும் கேப்பான், கார்ட கேட்டாலே எழுந்து வந்துடுங்க. கூட்டு பணத்த, அதான் பலபேர் மாசாமாசம் போட்டு ஒருத்தர் ஒருத்தரா எடுக்குற சீட்டு பணத்த, நம்பியும் கடை ஆரம்பிக்காதீங்க, கூட்டு நடத்துறத தொழிலா செய்றது 1971லயே சட்டம் போட்டு தடுத்தது, எடுத்தவங்க ஓடிட்டா அந்த காசு திரும்பி வரும்னு நிச்சயமே இல்ல.

சரி நியாயமான கடன் எங்கன்னு கேட்டா, சின்ன வியாபாரத்துக்கு கடன் குடுக்குற அரசாங்க நிறுவனம் தெக்குன் நேஷனல்ல நம்ம இந்தியர்களுக்குன்னே ஸ்பூமின்னு ஒரு கடன் திட்டம் இருக்கு, பொம்பளைங்களுக்கு சின்ன கடன் குடுக்குற அமானா இக்தியார் இருக்கு. ஆனா ரெஜிஸ்டர் பண்ணாமலே வருஷக்கணக்கா வியாபாரம் பண்ணிட்டு திடீர்னு ஃபாரம் எடுத்துட்டு போனா எதையும் காட்ட முடியாது. தொழில் ஆரம்பிச்ச 30 நாளைக்குள்ள எஸ்.எஸ்.எம்.ல (தொழில் பதிவு பண்ற அரசாங்க ஆணையம்) பதியணும், சொந்த பேர்ல வருஷத்துக்கு 30 வெள்ளி, கடை பேர் வச்சா 60, அவ்ளோதான். சாப்பாட்டு கடைன்னா டைஃபாய்டு ஊசி, உணவு கையாளுற கோர்ஸ், மஜ்லிஸ் டேரா (மாவட்ட மன்றம்) லைசென்ஸ், இதுக்கெல்லாம் ஆகுற செலவையும் கைமுதல்லயே சேத்துக்குங்க. ரசீதுங்கள 7 வருஷம் வச்சிருக்கணும், வரி பாக்குறவங்க கேப்பாங்க.

ஏற்கனவே பேங்க் தவணை கட்ட முடியாம தடுமாறுறவங்க ஒளிஞ்சிக்காம ஏ.கே.பி.கே.வுக்கு போங்க, அது கடன் ஆலோசனை குடுக்குற இடம், நாட்டோட மத்திய வங்கி பேங்க் நெகாரா 2006ல ஆரம்பிச்சது, ஆலோசனைக்கு காசு இல்ல, பேங்க் கூட பேசி தவணைய குறைக்க வழி பாப்பாங்க. ஆலோங் கடன அவங்க தொடமாட்டாங்க, அதனால ஒரு கடன அடைக்க அவன்கிட்ட போறதுக்கு முந்தியே, பேங்க்ல இருந்து வந்த லெட்டர் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு இவங்கள பாத்துடுங்க.