முதியோர் மூட்டுவலி: வீட்டில் தொடங்கும் முறை

முதலில் ஒரு வாரம் குறிப்பேட்டில் எழுதி வாருங்கள்: எந்த மூட்டு வலிக்கிறது, காலையில் எழுந்தபின் விறைப்பு எத்தனை நிமிடம் நீடிக்கிறது, வீக்கமோ சூடோ உண்டா. விறைப்பு அரை மணி நேரத்துக்குள் தளர்ந்து, நடக்க நடக்க வலி கூடினால் பெரும்பாலும் அது மூட்டுத் தேய்மானம். இரு கைகளின் சிறு மூட்டுகளும் ஒருசேர வீங்கி, விறைப்பு ஒரு மணி நேரத்தையும் தாண்டினால் முடக்குவாதமாக (உடலின் நோய் எதிர்ப்பாற்றலே மூட்டுகளைத் தாக்கும் நோய்) இருக்கலாம். அதற்கான சிகிச்சை தாமதமானால் மூட்டு நிரந்தரமாகச் சிதையும் என்பதால் மருத்துவரிடம் விரைவில் செல்லுங்கள். ஒரே மூட்டு திடீரெனச் சிவந்து கொதித்து, காய்ச்சலும் சேர்ந்தால் அன்றே செல்ல வேண்டும்.

அடுத்தது பயிற்சி. "தேய்ந்த முழங்காலை அசைக்காதே" என்று பலரும் அன்போடு சொல்லும் அறிவுரைதான் பல முதியவர்களை முடக்கிப்போடுகிறது என்பது என் கருத்து. ஏனெனில் மூட்டின் சுமையைத் தாங்கிக்கொள்வது தொடைத்தசை, அது ஓய்வில் மெலிந்துவிடும். உறுதியான நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து, ஒரு காலை மெல்ல நீட்டி, 5 விநாடி நிறுத்தி, மெதுவாக இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் 10 முறை, நாளுக்கு இரு வேளை போதும். பயிற்சி முடிந்து இரண்டு மணி நேரம் கழிந்தும் வலி முன்பைவிடக் கூடுதலாக இருந்தால், மறுநாள் எண்ணிக்கையைக் குறையுங்கள், நிறுத்திவிடாதீர்கள்.

கைத்தடி பிடிப்பதில் பலரும் தவறுகிறார்கள். வலது முழங்கால் வலித்தால் தடி இடக்கையில் இருக்க வேண்டும். கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது அதன் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வர வேண்டும்.

உடற்பருமன் உள்ளவர்கள் ஒரு கிலோ இளைத்தால், ஒவ்வொரு அடியிலும் முழங்காலின் மீது விழும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறையும். விறைப்புக்கு வெந்நீர் ஒத்தடம், வீக்கத்துக்குத் துணியில் சுற்றிய பனிக்கட்டி. எதுவானாலும் 15 முதல் 20 நிமிடம் வரை.

மாத்திரை விஷயத்தில்தான் மிகுந்த எச்சரிக்கை தேவை. இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை முதியவர்கள் தாமாகவே தொடர்ந்து விழுங்கினால் வயிற்றில் இரத்தக்கசிவு ஏற்படலாம், சிறுநீரகம் பாதிக்கப்படலாம், இரத்த அழுத்தமும் ஏறலாம். முழங்கால், கை மூட்டுகளுக்கு மேற்பூச்சாகக் கிடைக்கும் டைக்ளோஃபெனாக் ஜெல்லில் இந்த ஆபத்து மிகக் குறைவு. தினமும் உண்ணும் பிற மருந்துகளின் பெயர்களையும் அதே குறிப்பேட்டில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை எடுப்பவர் வலி மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.