மரவாடி பார்க்கப் போகும் ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சக ஆசிரியர்களோடு இரண்டு முறை மர அறுவை மில் பார்க்கப் போயிருக்கிறேன். முதல் முறை தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு மரவாடி. உள்ளே நுழைந்ததும் நேராகப் பேண்ட் சா (கட்டையை அறுக்கும் பட்டை ரம்பம்) ஓடும் இடத்தில் போய் நின்றோம். அந்தச் சத்தத்தில் மேஸ்திரி சொன்னது ஒரு வார்த்தை கேட்கவில்லை. போட்டோ எடுத்தோம், டீ குடித்தோம், திரும்பினோம். மறுநாள் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

அடுத்த முறை போன மில்லில் மேஸ்திரியே தடுத்துவிட்டார். "மெஷின் எங்கயும் போயிடாது டீச்சர், முதல்ல கட்டையப் பாருங்க" என்றார். கட்டை அடுக்கியிருக்கும் இடத்தில்தான் பாடமே இருக்கிறது. தேக்கின் வெட்டு முகத்தில் நடுவில் பழுப்பாக வைரம், அதாவது கெட்டியான பகுதி, அதைச் சுற்றி வெளிறு என்கிற வெளிறிய பகுதி. வளையங்களை விரல் வைத்து எண்ணலாம். பக்கத்திலேயே ஒரு தென்னந்துண்டு கிடந்தது. அதில் எல்லாம் தலைகீழ்: ஓரம் இரும்பு மாதிரி, நடுப்பகுதி நகத்தால் கீறினாலே பிய்ந்து வருகிறது. வளையமே கிடையாது. வெளியே வைரம் கொண்டதைப் புல் என்றும் உள்ளே வைரம் கொண்டதை மரம் என்றும் தொல்காப்பிய மரபியல் பிரிக்கிறது. எத்தனை வருடமாக அதை மனப்பாடமாக ஒப்பிக்க வைத்திருக்கிறோம்! அன்றைக்குத்தான் தொட்டுப் பார்த்தேன். 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் சாய்த்த தென்னைகளை ஏன் தேக்கு போல அறுத்து விற்க முடியவில்லை என்பதும் அந்தத் துண்டைப் பார்த்தபோது புரிந்தது. அதனால் அறிவியல் ஆசிரியரை மட்டும் அனுப்புவது பெரிய தவறு. தமிழாசிரியரும் கணக்கு ஆசிரியரும் கட்டாயம் போக வேண்டும்.

கணக்கு ஆசிரியர் அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வருவார், அதையும் சொல்லிவிடுகிறேன். மரவாடியில் கட்டையின் சுற்றளவை நாலால் வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கி, பிறகு நீளத்தால் பெருக்குவார்கள். 4 அடி சுற்றளவு, 10 அடி நீளம் என்றால் 10 கன அடி. உருளையின் கன அளவுச் சூத்திரத்தில் போட்டால் சுமார் 12.7 வரும். உடனே "ஏமாற்றுகிறார்கள்" என்று சொல்லிவிடாதீர்கள். பட்டையும், சதுரமாக அறுக்கும்போது விழும் ஓரச் சிராயும் கழிவாகப் போகும் என்று விட்டுக்கொடுத்த பழைய கணக்கு அது. வாங்குபவர், விற்பவர் இருவருக்கும் தெரிந்துதான் நடக்கிறது. எந்தக் கட்டைக்கும் மரவாடிக் கணக்கை உருளைக் கணக்கால் வகுத்தால் 0.785தான் வரும். அது ஏன் என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லலாம்.

மில்லோடு நிறுத்திவிடுவது அடுத்த தவறு. வெட்டும் இடத்தையும் பார்க்க வேண்டும். வேதாரண்யம், நாகப்பட்டினம் கடலோர மணலில் சவுக்கு ஒரு பயிர். மூன்று முதல் ஐந்து வருடத்தில் அறுவடை. பவர் சா வைத்து அடியோடு வெட்டி, அங்கேயே தரம் பிரிப்பார்கள். பருத்தது காகித ஆலைக்கு, நேரானது சாரத்துக்கும் பந்தலுக்கும், நுனி விறகுக்கு. இதைப் பார்க்காத ஆசிரியர் "காகிதம் என்றால் காட்டை அழிப்பது" என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறார். கரூர் மாவட்டம் காகிதபுரத்து ஆலை 1984இல் உற்பத்தி தொடங்கியதே கரும்புச் சக்கையை நம்பித்தான். இயற்கைக் காட்டை வெட்டுவது வேறு, பட்டா நிலத்துச் சவுக்கை அறுப்பது வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல் பிள்ளைகளுக்கு மரத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்றே நினைக்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் தோப்புக்குக் கிளம்பாதீர்கள். மழையில் லாரியே உள்ளே போகாது.

பாதுகாப்பில் விளையாட்டே வேண்டாம். முந்தானையையும் துப்பட்டாவையும் இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். ரம்பப் பட்டை ஓடும் நேர்கோட்டில் நிற்காதீர்கள். அறுந்தால் அந்தப் பக்கம்தான் வீசும். அடுக்கிய கட்டைமேல் ஏறி குரூப் போட்டோ எடுக்கவே கூடாது, உருண்டால் கால் போய்விடும். சாலையோரப் புளி, வேம்பு வந்தால் மேஸ்திரி பட்டையைத் தடவித் தடவிப் பார்ப்பார். விளம்பரப் பலகைக்கு அடித்த ஆணி உள்ளே புதைந்திருக்கும். ரம்பம் அதில் பட்டால் பல் போய்விடும். மரத்தில் ஆணி அடிக்காதே என்று பிள்ளைகளிடம் சொல்ல இதைவிட நல்ல காரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

திரும்பும்போது வட்டமாக ஒரு சில்லு அறுத்துத் தரச் சொல்லுங்கள். பச்சை மரத்தில் வாங்கினால் ஈரம் வற்ற வற்ற நடுவிலிருந்து ஓரம் வரை வெடித்துவிடும், ஏனென்றால் மரம் நடுவிலிருந்து ஓரம் நோக்கிய போக்கில் சுருங்குவதைவிட வளையத்தின் போக்கில் அதிகம் சுருங்கும். எங்கள் பள்ளிச் சில்லு அப்படித்தான் வெடித்தது. தூக்கிப் போடவில்லை, ஆய்வகத்து மேசையில்தான் வைத்திருக்கிறோம். வெடிப்பில் ஸ்கேலை வைத்து மாதாமாதம் அளந்து எழுதுவது இப்போது எட்டாம் வகுப்பு பிள்ளைகளின் வேலை.