இங்கிலாந்துக் கிராமத்து ஞானஸ்நானத் தொட்டியைப் பார்க்கப் போனால் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தில் ஏதாவது ஒரு கிராமத்துப் பழைய தேவாலயத்துக்குள் நுழைந்தால், வாசலை ஒட்டியே கல் தொட்டி ஒன்று நிற்கும். ஞானஸ்நானம் பெற்றுத்தான் சபைக்குள் வர வேண்டும் என்பதால் அதற்கு வாசலோரம் இடம். ஆனால் வருகிறவர்கள் அதைத் தாண்டி நேராகப் பீடத்தையும் வண்ணக் கண்ணாடியையும் பார்க்கப் போய்விடுகிறார்கள், திரும்பும்போது ஒரு போட்டோ, அவ்வளவுதான். முதல் தவறு அதுவே. கட்டடத்தை இடித்து இரண்டு மூன்று தடவை புதிதாகக் கட்டிய ஊர்களில்கூடத் தொட்டியை மட்டும் விட்டுவைத்திருப்பார்கள், உள்ளே இருப்பதிலேயே வயதில் மூத்தது பல இடங்களில் அந்தத் தொட்டிதான்.

சரி, நின்று பார்க்கிறவர்கள் செய்யும் தவறுகளுக்கு வருவோம்.

விளிம்பு பெயர்ந்திருந்தால் உடனே 'பியூரிட்டன்கள் உடைத்தது' என்று சொல்லிவிடுவது. தேவாலயத்தில் உருவமே இருக்கக் கூடாது என்ற கடும் சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள் அவர்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் குனிந்து பாருங்கள். எதிரெதிராக இரண்டே இடத்தில் மட்டும் கல் பெயர்ந்து, அங்கே ஈயம் ஊற்றிய குழியோ வேறு நிறக் கல்லால் போட்ட ஒட்டோ தெரிந்தால், அது பூட்டு இருந்த இடம். ஈஸ்டருக்கு முந்தைய இரவில் மந்திரித்த தண்ணீரை அந்தக் காலத்தில் நாள்கணக்கில் தொட்டியிலேயே வைத்திருப்பார்கள், அதை மருந்துக்கும் மாந்திரீகத்துக்கும் என்று ஆட்கள் திருடிப் போனார்கள். அதனால் 1236இல் கான்டர்பரி பேராயர் எட்மண்ட் தொட்டிகளுக்கு மூடி போட்டுப் பூட்டச் சொல்லி உத்தரவு போட்டார். கல்லைக் குடைந்து, இரும்பு நாதாங்கியை நிறுத்தி, உருக்கிய ஈயத்தை ஊற்றிப் பொருத்துவார்கள். பிற்காலத்தில் யாரோ அதைப் பிடுங்கியிருப்பார்கள், இல்லையென்றால் இரும்பு துருப்பிடித்து உப்பி, கல்லைத் தானே வெடிக்க வைத்திருக்கும்.

மாறாக விளிம்பு நன்றாக இருந்து, சிற்பங்களின் முகங்கள் மட்டும் செதுக்கி எடுக்கப்பட்டிருந்தால், அப்போது மதச் சண்டையைச் சந்தேகிக்கலாம். நார்ஃபோக், சஃபோக் பக்கம் இருக்கும் 'ஏழு அருட்சாதன'த் தொட்டிகளில், அதாவது ஞானஸ்நானம், திருமணம் போன்ற கத்தோலிக்கச் சபையின் ஏழு புனிதச் சடங்குகளைச் செதுக்கிய தொட்டிகளில், இதை நிறையப் பார்க்கலாம். தொட்டி எட்டுப் பட்டை, அருட்சாதனங்களோ ஏழு, மிச்சமான எட்டாவது பக்கத்தில் இயேசுவின் ஞானஸ்நானமோ சிலுவைக் காட்சியோ இருக்கும். கத்தோலிக்க வாசனை அடிக்கும் இந்தப் படங்களை 16, 17ஆம் நூற்றாண்டுகளில் உளியால் வழித்தார்கள். சஃபோக் முழுக்க உருவங்களை உடைத்துக்கொண்டு போன வில்லியம் டவ்சிங் 1644இல் அஃபோர்டு என்ற ஊருக்கு வந்தார். அங்கே தொட்டிக்கு மேலே சுமார் ஐந்தரை மீட்டர் உயரத்துக்குக் கோபுரம் மாதிரி எழும் மர மூடியைப் பார்த்துவிட்டு, போப்பின் மும்முடி போல இருக்கிறது, உச்சியில் தன் மார்பைக் கொத்தும் பெலிக்கன் பறவை, எல்லாம் தங்கப் பூச்சு என்று தன் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். இடிக்க வந்த மனுஷனே வர்ணித்துவிட்டுப் போன அந்த மூடி இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

அடுத்தது, தொட்டி முழுவதற்கும் ஒரே வயது சொல்வது. கிண்ணம், தூண், அடிக்கல், மூடி நான்கும் நான்கு நூற்றாண்டாக இருக்கலாம். அதைவிட வேடிக்கை, தொட்டியாகவே பிறக்காத தொட்டிகளும் உண்டு. டோர்செட்டில் மெல்பரி பப் என்ற சின்ன ஊரில் ஒன்று இருக்கிறது. அதில் பின்னல் கொடிகளுக்கு நடுவே மானும் மற்ற மிருகங்களும் எல்லாமே தலைகீழாக, கால்கள் மேலே பார்த்தபடி இருக்கும். சிற்பிக்கு என்ன ஆச்சு என்று கேட்காதீர்கள். 1066இல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்கள் வருவதற்கு முன்பு செதுக்கிய உருண்டையான கல் சிலுவைத் தண்டின் ஒரு துண்டைக் கவிழ்த்து வைத்து, மேலே வந்த அகலமான பக்கத்தைக் குடைந்துவிட்டார்கள். மிருகங்கள் நேராகத் தெரிய வேண்டுமானால் போட்டோவைத் திருப்பிப் பாருங்கள்.

எழுத்தைப் பார்த்து ஏமாறுவதும் நடக்கும். கம்பிரியாவில் பிரைட்கிர்க் தொட்டியில் ரூன் என்ற பழைய வட ஐரோப்பிய எழுத்துகள் இருக்கின்றன, உடனே 'வைக்கிங் காலம்' என்று சிலர் குதிப்பார்கள். எழுத்து ஸ்காண்டிநேவிய ரூன்தான், ஆனால் மொழி ஆங்கிலம், காலம் 12ஆம் நூற்றாண்டு, தொட்டி முழுக்கக் கிறிஸ்தவம். ரிச்சர்ட் என்னைச் செய்தான், இந்த அழகுக்குக் கொண்டுவந்தான் என்று தொட்டியே பேசுகிற மாதிரி ஒரு வரி. அந்த வரிக்குக் கீழே, கையில் உளியும் கொட்டாப்புளியுமாக ஓர் ஆள் வேலை செய்துகொண்டிருக்கிறான். தன் உருவத்தைத் தானே வைத்துவிட்டுப் போன இடைக்காலச் சிற்பி இங்கிலாந்தில் அபூர்வம், இந்த ஒரு ஆளுக்காகவே அந்த ஊருக்குப் போகலாம்.

கல்லின் பெயரையும் அப்படியே நம்ப வேண்டாம். ஹாம்ப்ஷயரில் ஈஸ்ட் மியான் தொட்டியை 'டூர்னே மார்பிள்' என்பார்கள். மார்பிள் இல்லை, இன்றைய பெல்ஜியத்திலிருந்து வந்த கறுத்த சுண்ணாம்புக்கல், தேய்த்தால் பளபளக்கும், அதனால் அந்தப் பெயர். தெற்கு இங்கிலாந்தில் கிடைக்கும் பர்பெக் மார்பிளும் அதே கதை, உற்றுப் பார்த்தால் கல்லுக்குள் நத்தை ஓடுகளே தெரியும். ஈஸ்ட் மியானில் ஆதாமும் ஏவாளும் ஏதேனை விட்டுத் துரத்தப்பட்ட பிறகு ஒரு தேவதூதர் ஆதாமுக்கு மண் வெட்டக் கற்றுக்கொடுக்கிறார், ஏவாள் நூல் நூற்கிறாள். துரத்தியதோடு விட்டுவிடாமல் பிழைப்புக்கும் வழி காட்டுகிறார்கள் பாருங்கள், எனக்கு அந்தத் தொட்டியில் பிடித்ததே அதுதான்.

உள்ளூர்க் கதைகளைக் கேளுங்கள், ஆனால் சத்தியம் பண்ணாதீர்கள். ஹெரஃபோர்ட்ஷயரின் எர்டிஸ்லியில் இரண்டு போர்வீரர்கள் ஈட்டியும் வாளுமாக மோதிக்கொள்கிறார்கள், அது இந்த ஊர்ப் பிரபு இன்னாரோடு போட்ட சண்டை என்று பெயரோடு சொல்வார்கள். பாவத்தோடு மனுஷன் போடும் சண்டையாகவும் அதைப் படிக்கலாம், சுற்றியிருக்கும் கொடிகள் அவர்கள் உடம்பைப் பின்னியிருப்பதைப் பார்த்தால் எனக்கு இதுதான் பொருத்தமாகப் படுகிறது.

ரொம்பக் கூர்மையாக, நேற்று செதுக்கியது போல இருக்கும் தொட்டியைப் பார்த்து அசந்து போகாமல் கொஞ்சம் சந்தேகப்படுங்கள், விக்டோரியா காலத்தில் பழைய சிற்பங்களின் மேலேயே திரும்ப உளி ஓட்டிய இடங்கள் பல. கிண்ணம் பெரிதாக இருப்பதால் பெரியவர்களை முக்கியெடுத்த தொட்டி என்று நினைப்பதும் சரியில்லை, குழந்தையைத் துணியில்லாமல் முழுக்க முக்கத்தான் அந்த அகலம்.

அப்புறம் கை. சிற்பம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சாக்பீஸ் பூசுவது, தண்ணீர் தெளிப்பது, காகிதம் வைத்துத் தேய்ப்பது எதுவும் வேண்டாம், மடிப்புகளில் பழைய சாயத்தின் துணுக்குகள் ஒட்டியிருக்கலாம், போனால் போனதுதான். செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில், கல்லை உரசுகிற மாதிரி சாய்த்துப் பிடியுங்கள், போதும். மூடியைத் தூக்க வேண்டுமென்றால் கேட்டுவிட்டுத் தூக்குங்கள், பாரம் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். உள்ளே கல் தண்ணீரை உறிஞ்சாமல் இருக்க ஈயத் தகடு வேய்ந்திருக்கும், அடியில் ஓர் ஓட்டை இருக்கும், மந்திரித்த தண்ணீர் சாக்கடைக்குப் போகக் கூடாது, நேரே மண்ணுக்குள் இறங்க வேண்டும் என்பதற்காக விட்ட வழி அது. அதன் மேலே சின்னதாக ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் இருந்தால் குப்பை என்று எடுத்து வெளியே வைத்துவிடாதீர்கள், ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானத்துக்கு அதில்தான் தண்ணீர் ஊற்றுவார்கள்.