பைத்தான் லிஸ்ட்டில் பலவற்றை நீக்கும்போது நடக்கிற கூத்து

"அண்ணா, பாதிதான் அழியுது" என்று போன வாரம் புதிதாகச் சேர்ந்த தம்பி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். புரோகிராமைப் பார்க்காமலே விஷயம் புரிந்துவிட்டது, அதே பள்ளத்தில் நானும் விழுந்தவன்தானே. கோலன் விட்டது, ஸ்பெல்லிங் தப்பியது எல்லாம் பைத்தானே சொல்லிவிடும். அது சொல்லாமல் விடுகிறவை மட்டும் இங்கே.

ஓடுகிற லூப்புக்குள் ரிமூவ்

ஃபார் லூப் இண்டெக்ஸை, அதாவது 0, 1, 2 என்கிற இட எண்ணை, எண்ணிக்கொண்டுதான் நடக்கிறது. ரிமூவ் என்பது கொடுத்த மதிப்பைத் தேடி முதலில் கிடைப்பதை நீக்குவது. 5, 0, 0, 7 என்ற லிஸ்ட்டில் பூஜ்யங்களை ரிமூவ் போட்டு எடுக்கப் பாருங்கள்: முதல் பூஜ்யம் போனதும் இரண்டாவது அந்த இடத்துக்கு நகர்ந்துவிடும், லூப்போ அதைத் தாண்டி 7-க்குப் போய்விடும். மிச்சம் 5, 0, 7. டிக்‌ஷனரியில் இந்த வேலையைச் செய்தால் ரன்டைம் எரர் என்று கத்தும், லிஸ்ட் வாயே திறக்காது. எனக்கு இன்றும் எரிச்சல் அதில்தான்.

ஒரு கடைக்கு எஸ்எம்எஸ் அனுப்பும் ஸ்கிரிப்ட் எழுதினேன். 'வேண்டாம்' என்றவர்களின் எண்களை இப்படித்தான் நீக்கினேன். ஐந்து எண்களை வைத்துச் சோதித்தேன், சரியாக வந்தது. நிஜ லிஸ்ட்டிலோ சிலர் இரண்டு முறை பதிவு செய்திருந்தார்கள். எண்வரிசையில் அடுக்கியதால் ஒரே எண் பக்கத்துப் பக்கத்தில் நின்று, ஒன்று போய் ஒன்று தங்கிவிட்டது. வேண்டாம் என்றவருக்கே மறுபடி மெசேஜ் போய் வசவு வாங்கினேன். இரண்டு நாள் எஸ்எம்எஸ் சர்வீஸைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்!

நீக்குவதை விடுங்கள், வேண்டியதை மட்டும் பொறுக்கி லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷனில் (சதுர அடைப்புக்குள்ளேயே லூப்பும் நிபந்தனையும் எழுதுவது) புது லிஸ்ட் கட்டுங்கள், ஒரே வரிதான். விலக்க வேண்டியவை நிறைய என்றால் அவற்றை ஒரு செட்டில் (ஒரே மதிப்பு இரண்டு முறை வராத, வரிசையில்லாத தொகுப்பு) போட்டுச் சரிபார்த்தால் வேகம். நகல் எடுத்து அதன்மேல் லூப் ஓட்டினாலும் விடை சரிதான், ஆனால் ஒவ்வொரு ரிமூவும் தலையிலிருந்து தேடிப் பின்னால் இருப்பதையெல்லாம் நகர்த்தும். லட்சம் உருப்படி என்றால் டீ குடித்துவிட்டு வரலாம்.

இண்டெக்ஸ் வைத்து டெல்

டெல் இட எண்ணைச் சொல்லி நீக்குவது. பின்னாலிருந்து நீக்குங்கள். 1, 3 ஆகிய இடங்கள் போக வேண்டும் என்றால், முதலில் 1 போனதும் பழைய 3 இப்போது 2.

செட்டாக மாற்றிக் கழிப்பது

வரிசையும் போகும், இரட்டைகளும் போகும்.

ரிமூவ் தந்ததை அதே பெயரில் வைப்பது

ரிமூவ் லிஸ்ட்டைத் திருப்பித் தராது, கையில் 'நன்' (None, ஒன்றுமில்லை) மட்டும்.

ஃபங்ஷனுக்குள் புது லிஸ்ட்

தம்பி அடுத்து இதில்தான் மாட்டினான். ஃபங்ஷனுக்குள் அதே பெயருக்குப் புது லிஸ்ட்டைக் கொடுத்தால் வெளியே இருப்பது பழையபடியே இருக்கும். ரிட்டர்ன் பண்ணுங்கள், இல்லையென்றால் பெயருக்குப் பின் சதுர அடைப்புக்குள் வெறும் கோலன் போட்டு முழு ஸ்லைஸுக்கும், அதாவது அதே லிஸ்ட்டின் மொத்த உள்ளடக்கத்துக்கும், புது மதிப்பு கொடுங்கள்.